யு.என். கார்டு வைத்திருப்பவருக்கு எச்.ஐ.வி. மருந்து: நம் ஊரில் உண்மையில் நடப்பது என்ன?

பழைய_டிரெஸர் (பீடோங்), திங்கள், இரவு 9.20

மலேசியாவின் கெடாவில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் 31 ஆண்டுகள் டிரெஸராக (மருத்துவ உதவியாளராக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வாரத்தில் மூன்று நாள் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன்பு அங்கே நடந்த ஒன்றைச் சொல்லி, விவரம் தெரிந்தவர்களிடம் சில கேள்விகள் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன். சம்பந்தப்பட்டவரை யாரும் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐந்து மாதக் கர்ப்பிணியான, மியன்மாரிலிருந்து வந்த ஒரு ரோஹிஞ்சா அகதிப் பெண் எட்டு வயது மகனுடன் வந்தார். தாய்சேய் நலக் கிளினிக்கில் கொடுத்த புத்தகத்துக்குள் ஓர் இரத்தப் பரிசோதனைத் தாளை நான்காக மடித்து வைத்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மலாய் சந்தைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் வரும். பையனோ தோட்டத்து லயத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடியே தமிழ் கற்றுக்கொண்டவன். "தாத்தா, அம்மா ரத்தத்துல என்னமோ இருக்காம், என்னான்னு கேக்கச் சொன்னாங்க" என்றான். தாளைப் பிரித்துப் பார்த்தவுடன் எனக்கு வாய் அடைத்துவிட்டது. அந்தச் செய்தியை ஒரு தாய்க்கு அவள் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பதா? பையனை வெளியே மீன் தொட்டி அருகில் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் மொழி பேசும் ஒரு பெண்ணைப் பட்டர்வொர்த்திலிருந்து தொலைபேசியில் பிடிக்க எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலோ 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலோ கையெழுத்திடவில்லை என்பது பலருக்குத் தெரிந்ததே. நம் குடிநுழைவுச் சட்டம் அகதியையும் அனுமதியின்றி நுழைந்தவரையும் வேறுவேறாகப் பார்ப்பதில்லை. ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையம் கொடுக்கும் கார்டு, அதாவது யு.என். கார்டு, இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி கிடைக்கும். குடிமக்களுக்கு முதல்நிலை எச்.ஐ.வி. மருந்து இலவசமாகக் கிடைப்பதுபோல அகதிக்கும் கிடைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஏட்டில் உள்ளது இவ்வளவுதான். பாதிக் கட்டணம் என்பது கையில் எவ்வளவு வரும், எந்த இடத்தில் ஆள் திரும்பிப் போய்விடுகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்பதையெல்லாம் நேரில் பார்த்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

வரி_கட்டுபவன், திங்கள், இரவு 10.05

டிரெஸர் ஐயாவை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். என் தங்கைக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தபோது நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் வந்தவர். ஆகவே மரியாதையுடனேயே மாறுபடுகிறேன்.

இதே ஊரில், இதே தோட்டத்தில், தாத்தா காலத்திலிருந்து வாழ்ந்தும் குடிமக்களுக்கான நீல ஐ.சி. (அடையாள அட்டை) கிடைக்காத நம் தமிழர்கள் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட பெற்றோரின் தவற்றுக்குப் பிள்ளைகள் வெளிநாட்டவர் கட்டணம் செலுத்துகிறார்கள். 2011இல் ஆவணமில்லாத இந்தியர்களுக்கான மைடஃப்தார் பதிவு இயக்கம் நடந்தபோது நானே நான்கு குடும்பங்களுக்குப் பாரம் பூர்த்தி செய்து கொடுத்தேன்; அதில் ஒன்றுக்கு இன்றுவரை விடிவு இல்லை. வீட்டுப் பிள்ளை பட்டினியாக இருக்கும்போது விருந்தாளிக்கு இலை போடலாமா என்பதே என் கேள்வி. அரசு மருத்துவமனையில் நம் ஆட்கள் காலை 6 மணிக்கே வரிசையில் நின்று நண்பகலுக்கு மேல்தான் டாக்டரைப் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வெள்ளைச்_சீருடை, செவ்வாய், காலை 6.40

இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன். நான் பணிபுரியும் இடத்தைக் குறிப்பிட மாட்டேன்.

முதலில் அந்த அம்மாவின் நிலையைப் பேசிவிடலாம், ஏனென்றால் நாள் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம் அது. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குக் கிருமி செல்லும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கர்ப்ப காலத்திலேயே மாத்திரையைத் தொடங்கி, பிரசவத்தைத் திட்டமிட்டு, பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் மருந்து கொடுத்தால் அது 5 விழுக்காட்டுக்குக் கீழே, நல்ல கவனிப்பு இருந்தால் இன்னும் மிகக் கீழே இறங்கிவிடும். நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கான இத்திட்டம் 1998இல் தொடங்கியது. தாய்வழித் தொற்றை ஒழித்த நாடு என்று மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதலாவதாகச் சான்றிதழ் பெற்றது மலேசியாதான், அது 2018இல். அன்று எங்கள் பகுதியில் கேக் வெட்டினோம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சாதனையைச் செய்தவர்கள் பெரிய அதிகாரிகள் மட்டுமல்லர். கிராமத்துக் கிளினிக்கில் ஒவ்வொரு கர்ப்பிணியின் விரலிலும் ஊசி குத்திய தாதியர்களும்தான். வரிசைக்கே வராமல் போகும் கர்ப்பிணியை அவர்களால் எப்படிக் காப்பாற்ற முடியும்?

வரி கட்டும் தம்பிக்கு ஒன்று. இந்தச் சிகிச்சையில் செலவு எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். டோலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தோடு மூன்று மருந்து கலந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. எய்ட்ஸ், காசநோய், மலேரியா மருந்துகளை ஏழை நாடுகளுக்காகப் பெருமளவில் வாங்கும் உலக நிதியம் 2023இல் இதன் விலையை ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கு 45 அமெரிக்க டாலருக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது. அந்த விலைக்கே நமக்கும் கிடைக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் டோலுடெகிராவிரின் பொதுவகை (வேறு நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கும்) மருந்தை வாங்குவதற்கான உரிம ஒப்பந்தத்தில் 2020இல் மலேசியாவும் சேர்க்கப்பட்டது. ஆக மாத்திரை மலையல்ல. மருத்துவரைப் பார்க்கும் கட்டணம், கிருமியின் எண்ணிக்கையை அளக்கும் இரத்தப் பரிசோதனை, காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, படுக்கையில் சேர்ப்பதற்கு முன் கட்ட வேண்டிய வைப்புத்தொகை, வேலைக்குப் போகாத நாளின் கூலி, கிராப் கார் வாடகை: ஆளைத் திருப்பி அனுப்புபவை இவைதான். நாம் ஒரு ரிங்கிட், ஐந்து ரிங்கிட் கட்டிப் பழகியவர்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் கேட்கும்போது கவுன்டருக்கு முன்னால் நிற்கிறவரின் முகம் எப்படி மாறும் என்பது நமக்குத் தெரியாது. பாதி தள்ளுபடிக்குப் பிறகும் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

வன்னி_மண், செவ்வாய், இரவு 8.55

வணக்கம். நான் இலங்கைத் தமிழன். போர் முடிந்த மறு ஆண்டு இந்த நாட்டுக்கு வந்து, யு.என். கார்டில் பல ஆண்டுகள் இருந்தேன். இப்போது வேறு வகையில் சட்டபூர்வமாக இருக்கிறேன். அதனால்தான் துணிந்து எழுதுகிறேன்.

என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை ஒருவருக்கு இந்த நோய் இருந்தது. எங்களுக்கு அது இரண்டு வருடம் தெரியாது. மாத்திரைப் போத்தலைக் குலுக்கினால் சத்தம் வரும் அல்லவா? சத்தம் வராமலிருக்க அதற்குள் பஞ்சு அடைத்து வைத்திருந்தார். மேலே ஒட்டியிருந்த தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, பழைய மீன் எண்ணெய் மாத்திரைப் போத்தலின் தாளை அதில் ஒட்டியிருந்தார். இரவு 10 மணிக்கு "உடம்புக்குச் சத்து" என்று சொல்லி விழுங்குவார். நாங்களும் நம்பினோம். அவருடைய பயம் நோயைப் பற்றியதல்ல. ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் வாயிலிருந்து வெளியே போனால், கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குச் சோறு வடிக்கும் வேலையிலிருந்து முதலில் விலக்குவார்கள், பிறகு அறையிலிருந்து விலக்குவார்கள் என்பதுதான் அவர் பயம். அது பொய்ப் பயம் என்று இங்கே யாராவது சொல்ல முடியுமா?

இரண்டாவது பயம் வழி. அவர் மருந்து வாங்கும் மருத்துவமனைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். வழியில் போலீஸ் ரோட்பிளாக் வைத்தால், யு.என். கார்டைப் பார்த்துவிட்டு விடுகிறவரும் உண்டு, இறக்கி நிற்க வைக்கிறவரும் உண்டு, காசு கேட்கிறவரும் உண்டு. ஒருமுறை ரோட்பிளாக் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார். அந்த மாதம் 11 நாள் மாத்திரை இல்லை. இந்த மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு விலை கூடிய இரண்டாம் நிலை மருந்துக்குப் போக வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்ன செய்வது?

பிறகு காய்ச்சல் முற்றி ஒரு மருத்துவமனையில் சேர்க்கப் போனோம். வைப்புத்தொகை கேட்டார்கள். இருந்த காசைப் பொறுக்கிக் கட்டியும் போதவில்லை. இரவு முழுவதும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்து, மறுநாள் காலையில் ஒரு பாதிரியார் வந்து மீதியைக் கட்டினார். அங்கே இருந்த இளம் டாக்டர் நல்ல பிள்ளை. தன் காசில் மைலோ வாங்கிக் கொடுத்தார். நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. நல்ல மனிதர்கள் இருந்தும் வேலை நடக்காத ஓர் ஏற்பாடு அது என்று மட்டும் சொல்கிறேன்.

வரி_கட்டுபவன், செவ்வாய், இரவு 9.40

வன்னி சகோதரர் எழுதியதைப் படித்துச் சங்கடப்பட்டேன். ஆனாலும் கேள்வி கேள்விதான். நம் தோட்டத்துக்கு வரும் வங்காளதேச, இந்தோனேசிய, நேப்பாளத் தொழிலாளிகளுக்கு 1997 முதல் ஃபோமிமா மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. எச்.ஐ.வி. இருந்தால் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சட்டப்படி லெவி (வெளிநாட்டுத் தொழிலாளருக்கான வரி) கட்டி வந்தவனுக்கு அந்த நிலை. அகதிக்கு மட்டும் வாழ்நாள் முழுவதும் இலவசமாகக் கொடுத்தால், நோய் உள்ளவர்கள் இதற்காகவே இங்கே படகேறி வர மாட்டார்களா? செலவைத் தாங்குவது யார்?

செம்பனை_நிழல், செவ்வாய், இரவு 9.52

மாத்திரைக்காகப் படகேறியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. வீடு எரிந்து படகேறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நூலக_வாசி (சுங்கைப் பட்டாணி), புதன், மாலை 5.30

நண்பரின் இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஒவ்வொரு நாடும் இவற்றைக் கேட்டிருக்கிறது, ஆகவே சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

மருந்துக்காகவே ஆட்கள் வந்து குவிவார்கள் என்ற அச்சம் இங்கிலாந்தில் பல ஆண்டுகள் பேசப்பட்டது. அங்கே மற்றத் தொற்றுநோய்களுக்கு எல்லோருக்கும் இலவசச் சிகிச்சை இருந்தும், எச்.ஐ.வி. மட்டும் விலக்காக இருந்தது. 2012 அக்டோபரில் அந்த விலக்கை நீக்கி, குடியேற்ற நிலை எதுவானாலும் சிகிச்சை இலவசம் என்று விதி மாற்றினார்கள். கருணை மட்டும் அதற்குக் காரணமில்லை. சிகிச்சை பெற்று இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்கு நோய் பரவாது. ஒருவருக்குக் கொடுக்கும் மருந்து அவரோடு நின்றுவிடாமல் ஊருக்கும் காவலாகிறது என்பதுதான் அங்கே எடுபட்ட வாதம்.

போட்ஸ்வானாவில் இது நீதிமன்றத்துக்குச் சென்றது. சொந்தக் குடிமக்களுக்குத் தாராளமாக மருந்து கொடுத்த அந்த நாடு, சிறையிலிருந்த வெளிநாட்டுக் கைதிகளுக்குக் கொடுக்க மறுத்தது. 2014இல் உயர் நீதிமன்றமும் 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தன. நமக்குப் பக்கத்துத் தாய்லாந்து இன்னொரு வழியில் போனது: குடியேறிகள் சந்தா கட்டிச் சேரும் சுகாதாரக் காப்பீட்டில் எச்.ஐ.வி. மருந்தையும் சேர்த்துவிட்டது. தாய்லாந்தும் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கையெழுத்து இல்லை என்பதைச் சொல்லியே எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது.

அடுத்து, அகதிகள் ஒழுங்காக மருந்து சாப்பிட மாட்டார்கள், இன்று இங்கே நாளை எங்கேயோ, அவர்களிடம் கொடுத்தால் வீண் என்று ஒரு பேச்சு உண்டு. இதை நம் நாட்டிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். கோலாலம்பூரில் சிகிச்சை பெற்ற அகதிகளையும் உள்ளூர் நோயாளிகளையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு, கிருமி கட்டுப்பட்ட அளவில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. மருந்து கைக்கு எட்டினால் அவர்களும் நம்மைப் போலவே விழுங்குகிறார்கள். நம்மைப் போலவே சில நாள் மறக்கவும் செய்கிறார்கள்.

தொழிலாளியையும் அகதியையும் ஒரே தராசில் வைக்க முடியாததற்குக் காரணம் எளிது. தொழிலாளியைத் திருப்பி அனுப்ப ஒரு நாடு இருக்கிறது. ரோஹிஞ்சாவின் குடியுரிமையை 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அவர் நாடே பறித்துக்கொண்டது. அவரைத் திருப்பி அனுப்ப இயலாது. இங்கேதான் இருக்கப் போகிறார். சிகிச்சையோடு இருக்கப் போகிறாரா, இல்லாமல் இருக்கப் போகிறாரா என்பது மட்டுமே நாம் முடிவு செய்யக்கூடியது. இடையில் ஒரு சொல்: திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் பரிசோதனையையே தவிர்க்கும் தொழிலாளிகளை உருவாக்கியதும் அந்த ஃபோமிமா விதிதான் என்பது என் கருத்து, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக நம் அனுபவம். 2002இல் இந்நாட்டில் ஓர் ஆண்டில் புதிதாகப் பதிவான எச்.ஐ.வி. தொற்றுகள் 6,978. அதுவே உச்சம். பெரும்பாலோர் ஊசி வழிப் போதைப்பொருள் பயன்படுத்தியவர்கள். நம் தோட்டங்களிலும் எத்தனை வீட்டில் இழவு விழுந்தது என்பது இங்கே மூத்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் மேல் யாருக்கும் பரிவு இருக்கவில்லை. ஆனாலும் அரசாங்கம் 2005இல் போதைப்பொருளுக்கு மாற்று மருந்தான மெதடோன் கொடுக்கத் தொடங்கியது. 2006இல் சுத்தமான ஊசியே கொடுத்தது. சமயத் தலைவர்கள் எதிர்த்தார்கள், நம் கோயில் கமிட்டிகளும் முகம் சுளித்தன. ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை இறங்கியது. அதற்கு முன்பே, 2003இல், காப்புரிமை இருந்த மருந்துகளை இந்தியாவிலிருந்து மலிவாக வாங்க அரசு தன் உரிமையைப் பயன்படுத்தி உரிமம் வழங்கியது. துணிச்சலாக முடிவெடுக்கத் தெரிந்த சுகாதார அமைச்சு நம்முடையது. அகதி விஷயத்தில் மட்டும் அந்தத் துணிச்சலைக் காணவில்லை.

செம்பனை_நிழல், புதன், இரவு 7.15

பினாங்கு பாலத்தில் போகும்போது தெரியும் ஜெரஜாக் தீவு. கப்பலில் வந்த நம் கொள்ளுத்தாத்தாக்களை நோய் இருக்கிறதா என்று அங்கேதான் இறக்கி வைத்தார்கள். என் பாட்டி சாகும்வரை அந்தத் தீவின் பெயரைச் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொள்வார். உடை முழுவதும் மருந்துப் புகை போட்ட நாற்றமாம். விவாதத்துக்குத் தொடர்பில்லை என்றால் மன்னிக்கவும்.

பழைய_டிரெஸர் (பீடோங்), புதன், இரவு 8.30

தொடர்பு உண்டு, அம்மா. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலாளர் சொன்ன முதல் பாடம், காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வராத ஆளைத் தேடிப் போ என்பது. நோயாளி உன்னிடம் வருவான் என்று காத்திருக்காதே, மறைப்பவன்தான் பரப்புகிறான் என்பார். வெள்ளைக்காரத் துரைக்கு எங்கள் மேல் பாசம் இருந்து அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. ரப்பர்ப் பால் வெட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான். இருந்தாலும் தேடிப் போனோம்.

வெள்ளைச் சீருடை அம்மாவிடம் ஒரு கேள்வி. 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை இன்னும் நடைமுறையில் இருக்கிறதா?

வெள்ளைச்_சீருடை, வியாழன், பிற்பகல் 2.10

ஆவணம் இல்லாதவர் அரசுக் கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிற அந்தச் சுற்றறிக்கையைத்தான் ஐயா கேட்கிறார். அது மீட்டுக்கொள்ளப்பட்டதாக எங்களுக்கு எந்தக் கடிதமும் வந்ததில்லை. கார்டு உள்ளவரை நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. ஆனால் பதிவுக்காகக் காத்திருப்பவர், கார்டு காலாவதியானவர், கார்டு தொலைந்தவர் ஆகியோரின் கதி அன்று கவுன்டரில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஆணையத்தின் அலுவலகம் கோலாலம்பூரில் இருக்கிறது. பீடோங்கிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். கார்டைப் புதுப்பிக்கப் போகும் வழியிலேயே கார்டு இல்லை என்று பிடிபடலாம். பிடிபட்டு முகாமுக்குப் போனால் மாத்திரை தொடர்கிறதா என்று கேட்பதற்குக்கூட ஆளில்லை. 2019 ஆகஸ்ட் முதல் ஆணையத்தார் குடிநுழைவுத் தடுப்பு முகாம்களுக்குள் அனுமதிக்கப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது யாரும் எழுதாதது. நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்மாவு கொடுக்கும்படிதான் அறிவுரை. காகிதத்தில் படிக்க எளிது. ஒரே கூரையின் கீழ் நான்கு குடும்பங்கள், அதில் மாமியார், நாத்தனார், அண்டை வீட்டுப் பெண்கள். பிள்ளை பெற்றவள் ஏன் பால் கொடுக்கவில்லை என்று மூன்றாம் நாளே கேட்பார்கள். ஒரு பெண்ணுக்கு நான் சொல்லிக் கொடுத்த பொய், "பால் சுரக்கவில்லை, டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார்" என்பது. தாதி பொய் சொல்லிக் கொடுக்கலாமா என்று பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரியவில்லை, ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டாம் மாதம் எடுத்த பரிசோதனையில் நோய் இல்லை.

வன்னி_மண், வியாழன், இரவு 9.05

அக்கா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாங்கள் பரிசோதனைக்கே பயந்ததற்கு இன்னொரு காரணம் மூன்றாம் நாடு, அதாவது இங்கிருந்து அகதியாக எடுத்துக்கொள்ளும் நாடு. இந்த நோய் இருந்தால் அமெரிக்கா எடுக்காது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. அந்தத் தடையை அவர்கள் 2010 ஜனவரியிலேயே நீக்கிவிட்டார்கள். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. 2013இல்கூட அண்ணை "பெயரைப் பதிந்தால் கேஸ் போய்விடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாண்டுக்கு முன்பே மாறிவிட்ட விதிக்கு அவர் தன் உடம்பை விலையாகக் கொடுத்தார். இப்போது 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகளை எடுப்பதையே நிறுத்திய பிறகு, போகலாம் என்ற நம்பிக்கையில் இங்கே நாள் எண்ணியவர்கள் இங்கேயேதான் மருந்து தேட வேண்டும். அந்நாட்டு உதவிப் பணம் வெட்டப்பட்டதில் ஆணையத்தின் கையும் சுருங்கிவிட்டது.

வரி_கட்டுபவன், வியாழன், இரவு 10.20

மூன்று நாளாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். படகேறி வருவார்கள் என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். செம்பனை அக்கா ஒரே வரியில் கொடுத்தது கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. ஆனால் நீல ஐ.சி. இல்லாத நம் ஆட்களைப் பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. செலவை யார் தாங்குவது என்பதற்கும் நேரான பதில் வரவில்லை.

என் யோசனை ஒன்று. இந்த ஆட்கள் சும்மா இருப்பவர்கள் இல்லை. பீடோங் முதல் சுங்கை லாலாங் வரை புல் வெட்டுவது, கோழிப் பண்ணை, கட்டடம் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். முதலாளி பாதிக் கூலி கொடுத்து மீதியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறான். அவர்கள் சட்டப்படி வேலை செய்ய விட்டு, சம்பளத்தில் பிடித்துக் காப்பீடு கட்ட வைத்தால், யாருடைய வரியிலும் கை வைக்க வேண்டியதில்லையே?

நூலக_வாசி (சுங்கைப் பட்டாணி), வெள்ளி, மாலை 6.00

நண்பர் சொல்லும் வழி புதிதல்ல. அதனால்தான் வருத்தமாக இருக்கிறது. 2014இல் அகதிகளுக்கென்று ஒரு மருத்துவக் காப்பீடு தொடங்கப்பட்டது, அது நிலைக்கவில்லை. 2017இல் 300 ரோஹிஞ்சாக்களைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் சட்டப்படி வேலைக்கு வைக்கும் முன்னோட்டத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 300 பேர்! 2024 இறுதியில் இந்நாட்டில் பதிவு பெற்ற அகதிகள் 190,000க்கும் மேல். அந்தச் சிறிய எண்ணிக்கையும் நிரம்பவில்லை. வீட்டிலிருந்து தூரத் தோட்டத்துக்குப் போகப் பலர் விரும்பவில்லை, குடும்பத்தை யாரிடம் விட்டுப் போவது என்ற கவலை. திட்டம் வரைந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு வரைந்திருக்கலாம்.

ஐ.சி. இல்லாத நம் மக்களைப் பற்றி: நீங்கள் அதை அகதிக்கு எதிரான வாதமாக வைத்தீர்கள். கவுன்டரில் போய் நின்று பார்த்தால் இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள், ஒரே கட்டணப் பட்டியல்தான் இருவருக்கும் நீட்டப்படுகிறது. நம் ஆளுக்கு அந்தப் பாதி தள்ளுபடிகூடக் கிடையாது என்பது உண்மைதான். அது கசப்பான உண்மை. தொற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஐ.சி. கேட்காதே என்று ஒரு விதி வந்தால் முதல் நாளே பயன்பெறப்போவது தோட்டத்தில் இருக்கும் நம் பையன்கள். நான்கு குடும்பங்களுக்குப் பாரம் எழுதிக் கொடுத்த நீங்களே அந்தக் கோரிக்கையையும் எழுதினால் என்ன?

வரி_கட்டுபவன், வெள்ளி, இரவு 8.12

எழுதலாம். மலாயில் எழுத வேண்டும். உங்கள் உதவி தேவைப்படும். சட்டமன்ற உறுப்பினர் சேவை மையம் சனிக்கிழமை மதியம் வரை திறந்திருக்கும்.

பழைய_டிரெஸர் (பீடோங்), ஞாயிறு, இரவு 9.45

கேட்டவர்களுக்காக அந்த அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். மருந்து தொடங்கிப் பதினாறு நாளாகிறது. முதல் வாரம் தலைசுற்றலும் குமட்டலும் இருந்தன, இப்போது இல்லை. முதல் மருத்துவக் கட்டணத்தில் பாதியைக் கணவர் கட்டினார். மீதி எங்கிருந்து வந்தது என்பதை எழுத வேண்டாம் என்று கொடுத்தவர் கேட்டுக்கொண்டார். மாரியம்மன் கோயில் தெருவில் இருப்பவர் என்று மட்டும் சொல்லலாம். கணவரும் பரிசோதனை செய்துகொண்டார்; முடிவு அவர்களுடையது, நான் எழுத மாட்டேன். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் பட்டர்வொர்த்தில் நடத்தும் கிளினிக்கின் வழியாக மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு ஆகியிருக்கிறது. இனி அந்தப் பையன் தாயின் இரத்தத்தைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மாத்திரையை எங்கே வைப்பது என்று அந்த அம்மா கேட்டார். அரிசி டின்னுக்குள் வைத்தால் ஈரம் படும் என்றேன். வன்னித் தம்பி எழுதிய பஞ்சு ஞாபகம் வந்தது. எங்கள் கிளினிக்கில் காயத்துக்கு வைக்கும் பஞ்சில் ஒரு கைப்பிடி எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வாங்கிப் புடவைத் தலைப்புபோல் போர்த்தியிருந்த துணிக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த பரிசோதனை வரும் வியாழன் காலை 8 மணிக்கு. பஸ்ஸில் அனுப்ப எனக்கு மனமில்லை. என் காருக்குச் சாலை வரி முடிந்துவிட்டது. ரோட்பிளாக்கில் பதற்றப்படாத, ஆவணம் எல்லாம் சரியாக இருக்கிற ஓட்டுநர் யாராவது அன்று காலை 7 மணிக்கு வர முடியுமா?

வரி_கட்டுபவன், ஞாயிறு, இரவு 10.02

வியாழன் எனக்கு மதிய ஷிஃப்ட். நான் வருகிறேன், ஐயா. பின் இருக்கையில் பையனுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் அவனைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகலாமா?

பழைய_டிரெஸர் (பீடோங்), ஞாயிறு, இரவு 10.10

அவனுக்குப் பள்ளி இல்லை, தம்பி. கார்டு உள்ள பிள்ளைக்கும் அரசாங்கப் பள்ளியில் இடம் கிடையாது. அதற்கு வேறு இழை தொடங்க வேண்டும். வியாழன் அவன் என்னோடு கிளினிக்கில் இருக்கட்டும்.